கூரை குளித்த பிறகு

முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். தேர்தல், வேலைநிறுத்தம், மண்சரிவு, சம்பளப் பேச்சுவார்த்தை என்று எழுதிய கை, இன்று கோழிகள் குடிக்கும் தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கின்றது. பத்திரிகை நண்பர்கள் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். கடந்த சில ஆண்டுகளில் என்னுடைய அக்காவின் வீட்டுக் கோடிப்புறத்தில் நான் கற்றுக்கொண்டதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்து வந்தது. அதில் என்னுடைய தவறு ஒன்றும் அடங்கியிருக்கின்றது. அதையும் மறைக்காமல் எழுதுகின்றேன்.

அக்கா பதுளைக்கும் பசறைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் வசிக்கின்றாள். மலையகத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: லயம் என்பது ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. பிள்ளைகள் பெருகப் பெருக அவரவர் வசதிக்கேற்பக் கோடிப்புறத்தில் தகரத்தை நீட்டிக்கொள்வார்கள். அக்கா அப்படி நீட்டிய தாழ்வாரத்தின் ஓரத்தில்தான் கோழிக்கூடு இருக்கின்றது.

கொழுந்து எடுப்பதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் கோழி வளர்க்கவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிதான் வளர்க்க வைத்தது. முட்டை விலை ஏறிக்கொண்டே போனது. மகளின் குழந்தைக்கு நாளுக்கு ஒரு முட்டையாவது கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், பசறைச் சந்தையில் ஆறு நாட்டுக் கோழிகள் வாங்கி வந்தாள். ஆறு, பதினான்கு ஆனது.

கோழிக்குத் தீனி தேடுவது அக்காவுக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. அடுப்படி மிச்சமும் அரிசிக் குறுணலும் தோட்டத்துப் புழுக்களும் இருந்தன. தண்ணீர்தான் பாடாக இருந்தது.

ஊவாவின் மழையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதங்களில் எங்கள் பக்கம் காய்ந்து கிடக்கும். மழையை மேற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி வெறுங்கையோடு வரும் காற்றைத்தான் நாங்கள் கச்சான் என்கின்றோம். யூலையிலும் ஓகஸ்டிலும் அந்த உலர்ந்த காற்று படுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு அதற்கே உரிய நறுமணம் வருகின்றது என்று தேயிலை வியாபாரிகள் சொல்வார்கள். உலகச் சந்தையில் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. அதே காற்றுதான் எங்கள் பீலிகளை ஒரு விரல் பருமனுக்குச் சுருக்கிவிடும். எனது சிறுவயதில் அந்த மாதங்களில் விடிய நாலு மணிக்கே பீலிக்கரையில் குடங்கள் வரிசை பிடித்துவிடும். அம்மா பெரட்டுக்குப் போவதற்கு முன்னர் இரண்டு நடை தண்ணீர் சுமந்தாக வேண்டும். அக்காவின் இடுப்பில் முதல் குடம் ஏறியபோது அவளுக்கு எட்டு வயது.

மலையகத்தில் பீலி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாயும் பீலிதான். கூரைத் தண்ணீரை வாங்கிச் செல்லும் வாய்க்காலும் பீலிதான். முதலாவது வற்றும்போது இரண்டாவதை நம்பியிருப்பதே எங்கள் வழக்கம். ஒக்டோபரில் இடைப்பருவ மழை இடியோடு இறங்கும். அதன் பின்னர் வடகீழ்ப் பருவமழை தை மாதம் வரை கைவிடாது. 

2022 ஒக்டோபரில், நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு அந்த முதல் மழை வந்தபோது, அக்கா வீட்டிலிருந்த அத்தனை பாத்திரங்களையும் கூரைப் பீலியின் கீழ் வைத்திருக்கின்றாள். பீப்பாய், வாளிகள், பழைய கேன்கள், குழம்புச் சட்டி உட்பட. ஒரு சொட்டைக் கூட வீணாக்கவில்லை என்று அன்றிரவு தொலைபேசியில் பெருமையாகச் சொன்னாள். நானும் மகிழ்ந்தேன்.

ஐந்தாம் நாள் மறுபடியும் அழைப்பு வந்தது.

“தம்பி, கோழியெல்லாம் தலைய உள்ளுக்கு இழுத்துக்கிட்டு நிக்குது. பச்சையாக் கழியுது. நேத்து ரெண்டு, இன்னைக்கு ஒன்னு போயிருச்சு.”

கொஞ்சம் தயங்கிவிட்டு, “சின்னவனுக்கும் வயித்தால போகுது” என்றாள்.

சின்னவனை ஆஸ்பத்திரியில் காட்டி, ஜீவனி கரைத்துக் கொடுத்து, மூன்று நாளில் தேற்றிவிட்டார்கள். கோழிகளைப் பார்க்க, பதுளையிலிருந்து அரச கால்நடை வைத்தியர் ஒருவரை நான் அழைத்துக்கொண்டு போனேன். இளம் பெண். கோழிகளைப் பார்த்தார், எச்சத்தைப் பார்த்தார், மருந்து எழுதினார். பிறகு, “தண்ணி எங்கேயிருந்து குடுக்கிறீங்க?” என்று கேட்டார். அக்கா பீப்பாயைக் காட்டினாள். வைத்தியர் பீப்பாயைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “ஏணி இருக்கா?” என்றார்.

ஏணியில் ஏறியவன் நான். பீலிக்குள் ஒரு விரற்கடை கனத்திற்குக் கறுப்புச் சேறு. கூரைக்கு மேலே சாய்ந்திருந்த சவுக்கு மரத்தின் ஊசி இலைகள் நான்கு மாதமாக விழுந்து, மட்கி, அந்த மழையில் ஊறிக் கிடந்தன. தகரத்தின் மீது காகமும் மைனாவும் இட்ட எச்சம் வெள்ளைக் கோடுகளாக வழிந்திருந்தது. எலிப் புழுக்கை இருந்தது. பீலியின் மூலையில், இறகு முளைத்தும் முளைக்காத ஒரு மைனாக் குஞ்சு செத்துக் கிடந்தது. காய்ந்த மாதங்கள் நான்கும் கூரையில் சேர்த்து வைத்தவற்றை முதல் மழை கழுவி இறக்கியிருக்கின்றது. அக்கா அதைப் பத்திரமாக மூடி வைத்து, கோழிகளுக்கு ஐந்து நாள் கொடுத்திருக்கின்றாள்.

“மழைத் தண்ணில குத்தமில்லம்மா. அது வந்த பாதையிலதான் குத்தம்” என்றார் வைத்தியர்.

பறவைகளின் எச்சத்தில் சல்மனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் இருக்கக் கூடும் என்பதையும், அவை கோழிக்கு மாத்திரமல்ல மனிதருக்கும் வயிற்றோட்டத்தைக் கொடுக்கக் கூடியவை என்பதையும் அவர் விளக்கினார். அழுகிய பிணம் கிடந்த தண்ணீரால் கழுத்துத் துவண்டு கோழி சாகும் நோயும் உண்டாம். பேரனுக்கு வந்தது அதே தண்ணீரால்தானா என்று நான் கேட்டேன். சோதனை இல்லாமல் சொல்ல முடியாது என்றார். ஆனால், குழம்புச் சட்டியில் பிடித்த தண்ணீரில் குழந்தைக்குப் பால் போத்தல் கழுவியதை அக்கா நினைவுபடுத்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை திரும்பும்போது எனக்கு அப்பாயியின் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பாவைப் பெற்றவள். அவள் காலத்திலும் மழைத் தண்ணீர் பிடித்திருக்கின்றோம். மழை தொடங்கியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடுவோம். அவள் இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டே, “கூரை குளிச்சு முடியட்டும், அப்புறம் குடத்தை வைங்க” என்பாள். பீலியிலிருந்து விழும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பாள். கைரேகை தெளிவாகத் தெரிந்த பிறகுதான் குடத்துக்கு உத்தரவு கிடைக்கும். அதைக் கிழவியின் பிடிவாதம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பின்னாளில் படித்த கைநூல்களில் ‘முதல் நீரை வெளியேற்றல்’ என்று எழுதியிருந்தது அதைத்தான்.

அதன் கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். மழை பெய்யப் பெய்யக் கூரையிலிருந்து வரும் அழுக்கு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையினர் கையாளும் ஒரு நடைமுறைக் கணக்கு. ஆகவே முதல் ஒன்றிரண்டு மில்லிமீற்றரை விட்டுவிட்டால் பெரும்பகுதி அழுக்கு போய்விடும். அக்காவின் பங்குக் கூரை பன்னிரண்டு அடிக்குப் பதினெட்டு அடி. ஏறத்தாழ 20 சதுர மீற்றர். சாதாரண மழைக்கு முதல் 20 லீற்றரையும், நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் மழைக்கு அதைப் போல் இரண்டு மடங்கையும் விட்டுவிட வேண்டும்.

இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

“எட்டு வயசுலேருந்து இடுப்புல தண்ணி சொமந்தவகிட்ட வந்து, ரெண்டு கொடம் தண்ணிய மண்ணுல விடச் சொல்றியா?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. கொழும்பில் குழாயைத் திறந்து குளிப்பவன் நான். தண்ணீர் இல்லாதவரைப் பார்த்துத் தண்ணீரைக் கொட்டு என்று சொல்வது எத்தனை பெரிய வார்த்தை என்பது அப்போதுதான் உறைத்தது. மழைநீரைச் சுத்தமாக வைத்திருப்பதில் உள்ள உண்மையான சிரமம் குழாயிலோ வடிதுணியிலோ இல்லை. முதல் இருபது லீற்றரை மனமொப்பி விடுவதில்தான் இருக்கின்றது.

கடைசியில் அவளை இணங்க வைத்தது கணக்குத்தான். கணக்கப்பிள்ளையின் தராசோடு வாழ்நாள் முழுவதும் வழக்காடியவளுக்குக் கணக்கு புரியும். ஒக்டோபர் மழை ஒன்று 15 மில்லிமீற்றர் பெய்தால் அவளுடைய கூரையில் விழுவது 300 லீற்றர். 20 லீற்றரை விட்டாலும், தெறித்தும் சிந்தியும் போவதைக் கழித்தாலும், 200 லீற்றர் பீப்பாய் ஒரே மழையில் நிரம்பிவிடும். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லீற்றர் அளவில் குடிக்கும்; கடும் வெயிலில் அது இரட்டிப்பாகும். பதினான்கு கோழிகளுக்கு நாளைக்கு நாலு லீற்றர் என்று வைத்தால், ஒரு பீப்பாய் ஐம்பது நாள் வரும். “அப்ப விட்டுத் தொலையிறேன்” என்றாள்.

இங்கே என் தொழிலைப் பற்றிய ஒரு பழைய நினைவையும் சொல்ல வேண்டும். உலக வங்கியின் உதவியோடு 1990களில் நடைபெற்ற சமூக நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களில் செயற்படுத்தப்பட்டது. குழாய் நீர் எட்டாத மேட்டு நிலக் கிராமங்களுக்காக, 1995இலிருந்து பதுளையிலும் மாத்தறையிலும் வீட்டுக்கு வீடு 5,000 லீற்றர் மழைநீர்த் தாங்கிகள் கட்டப்பட்டன. கம்பி வலை மீது சீமெந்து பூசிக் கட்டிய, பூசணிக்காய் வடிவிலான தாங்கிகள் அவற்றுள் பிரபலமானவை. இலங்கையில் மழைநீர்ச் சேகரிப்பைப் பரவலாக்கியதில் எங்கள் மாவட்டத்திற்கு அந்த வகையில் ஒரு முன்னோடி இடமுண்டு. 1996இல் லங்கா மழைநீர் அறுவடை மன்றம் தோன்றியது. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கையும் வந்தது.

இளம் நிருபராக அந்தத் தாங்கிகளைப் பார்க்க நான் போயிருக்கின்றேன். எத்தனை தாங்கிகள், எத்தனை லீற்றர், எவ்வளவு செலவு என்று விபரமாக எழுதினேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கவும் மாட்டுக்கும் கோழிக்கும் பயன்படுத்துவதாகவும், குடிப்பதற்கு மாத்திரம் இன்னமும் ஊற்றுக்குப் போவதாகவும் சிங்களத்தில் சொன்னார். அதை வேடிக்கையாக ஒரு வரியில் சேர்த்தேன். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. கூரையிலிருந்து தாங்கிக்குள் என்ன போகின்றது என்றும் கேட்கவில்லை. தாங்கியைப் பார்த்தவன் கூரையைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு ஓர் இளம் வைத்தியர் ஏணி கேட்டபோது அந்தச் செய்தியின் நினைவு வந்து நெஞ்சைக் குத்தியது.

தமிழகத்து வாசகர்கள், 2003இல் அங்கே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பை நினைவுகூரலாம். அங்கே பெரும்பாலும் கூரை நீரை மண்ணுக்குள் இறக்குகின்றார்கள். மண் வடிகட்டிக் கிணற்றுக்குக் கொடுக்கின்றது. எங்கள் லயத்தில் கூரைக்கும் பீப்பாய்க்கும் நடுவில் மண் இல்லை. மண் செய்ய வேண்டிய வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

நாங்கள் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். மலைநாட்டில் யாருக்காவது பயன்படலாம்.

கூரைக்கு மேல் சாய்ந்த கிளையை வெட்டினோம். பீலியைச் செப்டெம்பர் கடைசியில், மழைக்கு முன்னர், வழித்துக் கழுவுவது என்று வைத்துக்கொண்டோம். நான்கு அங்குலப் பிளாஸ்டிக் குழாயில் ஆறடித் துண்டு ஒன்றைப் பீலியின் வாயில் செங்குத்தாகப் பொருத்தி, அடியில் மூடி போட்டு, மூடியில் ஊசித் துவாரம் ஒன்று இட்டோம். முதலில் வரும் தண்ணீர் இந்தக் குழாய்க்குள் இறங்கி நிற்கும். அது நிரம்பிய பிறகு வருவதுதான் பக்கவாட்டுக் கிளையால் பீப்பாய்க்குப் போகும். மழை விட்ட பிறகு, உள்ளே நின்றது துவாரத்தால் சொட்டி வடிந்து, அடுத்த மழைக்குக் குழாய் வெறுமையாகிவிடும். அந்தக் குழாயில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பிடிக்கும். ஆறடிக்கு 15 லீற்றர். லயத்துத் தாழ்வாரம் தாழ்ந்தது என்பதால் அதற்கு மேல் நீளம் வைக்க இடமில்லை. குறைவதை ஈடுகட்ட, வெயில் காலத்துக்குப் பிந்திய முதல் மழைகளில் அக்கா பீப்பாய்க்குப் போகும் குழாயையே கழற்றி வெளியே திருப்பிவிடுவாள்.

பாத்திரங்களைத் தரம் பிரித்தோம். கேன்களில் ஒன்று, தேயிலை மலைக்குப் புல் மருந்து வந்த கேன். நன்றாகக் கழுவியதாக அக்கா சொன்னாள். எத்தனை முறை கழுவினாலும் அப்படிப்பட்ட கேனில் கோழிக்கும் தண்ணீர் வைக்கக் கூடாது. அதைத் துளையிட்டு, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி செய்தோம். பீப்பாய் வெளிச்சம் புகாத நிறத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். வாயில் நுளம்பு வலையும் அதன் மேல் மூடியும் போட்டோம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர எட்டுப் பத்து நாள் போதும் என்பதால் இது கோழியை விட எங்களுக்கே அவசியம். பீப்பாயின் அடியிலிருந்து நாலு அங்குலம் மேலே குழாய்த் திருகி வைத்தோம். வண்டல் அடியில் தங்கிவிடும். கையும் கோப்பையும் உள்ளே போவதும் நின்றது.

இவ்வளவும் செய்துவிட்டுக் கோழிக்கு வைக்கும் தட்டைக் கவனிக்காவிட்டால் பயனில்லை. தரையில் வைத்த தட்டுக்குள் கோழி சீய்த்த குப்பையும் எச்சமும் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி வைத்தோம். தட்டின் மேல் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து வைத்தால் குடிக்கக் குடிக்க இறங்கும். கோழி தட்டுக்குள் ஏறி நிற்கவும் முடியாது. தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டி, விரலில் வழுக்கும் படலம் போகும்வரை தும்பினால் தேய்த்து, வெயிலில் காய வைப்பாள். அந்த வழுக்கலில்தான் கிருமி குடியிருக்கும். தண்ணீர் சிந்தி ஈரமாகும் தரையையும் மாற்ற வேண்டும். குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலைக் கொடுக்கும் கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி ஈரத் தரையில்தான் பெருகுகின்றது.

இனி என்னுடைய தவறுக்கு வருகின்றேன்.

2023இல் எங்கேயோ படித்துவிட்டு, அக்காவுக்குக் குளோரின் யோசனையை நான்தான் கொடுத்தேன். யோசனை பிழையானதல்ல. துணியில் வடித்த தெளிந்த தண்ணீருக்கு, வாசனைப் பொருள் கலவாத ஐந்து சதவீதக் குளோரின் திரவத்தை லீற்றருக்கு இரண்டு சொட்டு வீதம் இட்டு, அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கொடுக்கலாம். கலங்கல் தண்ணீரில் அது வேலை செய்யாது. கொக்சிடியாவையும் அது கொல்லாது. இவற்றையெல்லாம் சொன்னேன். அக்கா சிரத்தையான மனுஷி. கொழுந்துக் கூடையில் ஒரு முற்றிய இலையைச் சேர விடாதவள். ஒரு நாள் தவறாமல் சொட்டு எண்ணி விட்டாள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று. ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கோழிகளுக்குப் பெரும்பாலும் குடிதண்ணீரில் கலந்துதான் கொடுக்கின்றார்கள். அது உயிருள்ள வைரசு. குளோரின் பட்டால் அது செத்துவிடும். மருந்து கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே குளோரினை நிறுத்திவிட வேண்டும். கலக்கும் தண்ணீரில் குளோரின் எச்சம் இருக்கலாம் என்று சந்தேகித்தால், கொழுப்பு நீக்கிய பால்மாவை லீற்றருக்கு இரண்டரைக் கிராம் அளவில் முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும். கோழிகளை ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்து, கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கச் செய்ய வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு குப்பி மருந்து வந்தது. அவரவர் பங்கை அவரவர் தண்ணீரில் கலந்துகொண்டார்கள். அக்கா, அன்று காலை சொட்டு விட்டு வைத்த ‘நல்ல தண்ணீரில்’ கலந்தாள்.

2024ஆம் ஆண்டு சித்திரைக்குச் சற்று முன்னர் நோய் லயத்துக்குள் புகுந்தது. மூச்சுக்குத் திணறல், பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல். அக்காவின் பதினான்கு கோழிகளில் பதினொன்று ஒரு கிழமைக்குள் செத்தன. பக்கத்துக் காம்பராவில், பீலித் தண்ணீரை அப்படியே கலந்து கொடுத்தவர்களின் கோழிகள் பெரும்பாலும் தப்பின. அதே வைத்தியர் வந்து, எதில் கலந்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் சற்று நேரம் மௌனமாக இருந்தார். “அதாத்தான் இருக்கும்” என்றார்.

அக்கா என்னைக் குறை கூறவில்லை. “நீ நல்லதுக்குத்தான் சொன்ன” என்றாள். வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அரைகுறையாக அறிந்ததை முழுதாக அறிந்தவனைப் போல எழுதுவது எங்கள் தொழிலின் பழைய நோய். அச்சில் எழுதியபோது அதனால் செத்த கோழிகளை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்ததில்லை. அன்று பதினொரு கோழிகளைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தபோது எண்ணினேன்.

மிஞ்சிய மூன்றிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். இம்முறை, தடுப்பு மருந்து நாளுக்கு முன்னரும் பின்னரும் குளோரின் கிடையாது என்று நாட்காட்டியில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கின்றாள். குஞ்சுகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர்தான். வெயிலுள்ள நாட்களில், நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி ஆறு மணி நேரம் தகரத்தின் மேல் வெயிலில் கிடத்தி வைக்கும் முறையையும் கற்றுக்கொண்டாள். மூடுபனி மாதங்களில் அது சரி வராது; விறகுதான் துணை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் எப்படிச் சரிந்தன என்பதை உலகெங்கும் உள்ள தமிழர்கள் செய்திகளில் பார்த்திருப்பார்கள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு லயத்தொகுதியை மண் விழுங்கியதை நேரில் பார்த்து எழுதியவன் நான். மூன்று நாள் அக்காவின் தொலைபேசி ஒலிக்காதிருந்தபோது என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. நாலாம் நாள் குரல் கேட்டது. லயத்துக்கு ஒன்றுமில்லை. மேலேயிருந்து வரும் தண்ணீர்க் குழாய் மண்ணோடு போய்விட்டது, பீலியில் செம்மண் குழம்பு வருகின்றது, பாதை இல்லை.

“தண்ணிக்கு என்னக்கா செய்யிற?”

“கூரை ஒரு வாரமாக் குளிச்சுக்கிட்டே இருக்கே தம்பி. பரல் நெறைஞ்சு வழியுது. காய்ச்சி நாங்களும் குடிக்கிறோம், பக்கத்துக் காம்பராவுக்கும் குடுக்கிறேன். முந்தி அதப் பாத்துச் சிரிச்சதுங்கதான் இப்ப வாளியோட நிக்குதுங்க.”

கோழிகள் எப்படி என்று கேட்டேன். ஒன்பதும் இருக்கின்றன என்றாள். அந்த நாட்களில் லயத்தில் பலருக்கு வயிற்றோட்டம் கண்டது. அக்காவின் காம்பராவில் யாருக்கும் இல்லை. சின்னவன் அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்திருந்தான்.

கோழிக்காகத்தான் இதையெல்லாம் தொடங்கினோம். ஒரு பங்குக் கூரை, ஒரு பீப்பாய், ஒரு தட்டு. ஆனால் லயத்தில் கோழியின் தண்ணீர் வேறு, பிள்ளையின் தண்ணீர் வேறு என்று பிரிந்து கிடப்பதில்லை. ஒரே பீலியிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. கோழி சிறிய உடம்பு. குடிப்பதில் குற்றமிருந்தால் முதலில் தலையைத் தொங்கப் போடுவது அதுதான். 2022 ஒக்டோபரில் அது எங்களுக்குச் சொல்ல வந்ததை ஒரு வைத்தியர் கேட்டுச் சொன்னார். நாங்களாகக் கேட்டிருக்க மாட்டோம்.

வைத்தியரின் யோசனையின் பேரில், இப்போது அந்த லயத்தில் இன்னும் நான்கு காம்பராக்களில் ஆறடிக் குழாய் தொங்குகின்றது. சென்ற முறை நான் போயிருந்தபோது பிற்பகலில் திடீரென்று மழை பிடித்தது. அக்கா குழாயை வெளியே திருப்பிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றாள். விழும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தாள். அப்பாயி நின்ற மாதிரியே இருந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு சிறு பெண் தலையை நீட்டி, “ஆயா, கூரை குளிச்சிருச்சா?” என்று கூவினாள்.

“இன்னும் கொஞ்சம் பொறுடி” என்றாள் அக்கா.